தலைமாட்டில் ஒரு குவார்ட்டர்

மடியிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, அன்புசெல்வனின் தலைமாட்டில் ஐஸ் பெட்டியின் மேல் வைத்தார் தணிகாசலம். செத்தவனுக்குத் தாய்மாமன். குடித்துச் செத்தவனுக்கு அவன் ஆசைப்பட்டதைக் கூடவே வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். ஆனால் அன்புசெல்வன் குடித்தவனே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அந்த வாடை அடித்ததில்லை என்பது, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி காயத்ரிக்குத் தெரியும்.

"எடுத்துக்கினு போவட்டும்," என்றாள் அவன் அம்மா அஞ்சம்மாள். சொன்னவள் பெட்டியின் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். "உங்க நைனா மாரியே குடிச்சிக் குடிச்சி ஈரலக் கரைச்சிக்கினியேடா! நைட் ஷிப்டுன்னு போனியே, இதுக்குத்தான் போனியா?"

வயிறு ஊதி, கண் மஞ்சளாகி ஒருத்தன் செத்தால் அது குடிதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறு காரணம் எடுபடாது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

ரோலிங் மில்லில் அவனோடு வேலை பார்த்த ஜெயராஜுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா பெரியவரே இது? செல்வன் டீயத் தவிர எதையும் தொட மாட்டான். மொதல்ல பாட்டில எடுங்க. நீ சொல்லும்மா தங்கச்சி!"

பந்தலில் இருந்த எல்லாரும் காயத்ரியைப் பார்த்தார்கள். அஞ்சம்மாளும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

போன மாதம் சென்னை ஆஸ்பத்திரியில், "என் ஈரல அறுத்து எம்புள்ளைக்கு வையி டாக்டரு" என்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தவள் அஞ்சம்மாள். சோதனை முடிவு வந்தபோது அவள் வராந்தா பெஞ்சில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் காயத்ரியிடம்தான் சொன்னார். மகனுக்கு இருக்கிற அதே ஹெபடைடிஸ் பி வைரஸ் அம்மாவுக்கும் இருக்கிறது. பிரசவத்தில் தொற்றியிருக்கும். அவள் உடம்பில் அது இத்தனை காலமும் சும்மா கிடந்தது. மகன் உடம்பில் உருமாறிவிட்டது, அப்படி மாறினது ஈரலைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது.

"அவங்க தப்பு ஒண்ணுமில்லம்மா. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க," என்றார்.

காயத்ரி வெளியே வந்து மாமியாரை எழுப்பினாள். "உங்களுக்கு வயசாயிடுச்சாம் அத்தே, ஒத்துவராதாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்கே அவள் ஊருக்குத் திரும்பி எளாவூரில் ரயிலை விட்டு இறங்கும்வரை தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். மிச்சத்தையும் கேட்டால் உயிரோடு இருப்பாளா?

குடி இல்லையென்றால் பின்னே எதனால் என்று பந்தலே கேட்கும். காயத்ரி பெட்டிக்குள் பார்த்தாள். பீடிகூடப் பிடிக்காத மனுஷன். எஞ்சியிருந்தது அந்த நல்ல பேர் ஒன்றுதான், அதையும் நானே அழிக்கணுமா?

"இருக்கட்டும் ஜெயராஜண்ணே," என்றாள். "யாருக்கும் தெரியாம குடிச்சாரு."

ஜெயராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு எழுந்து ரோட்டோரம் போய் நின்றுகொண்டான்.

சாயங்காலம், சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். கொள்ளி வைத்த தம்பி ஆதிகேசவன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றான். காயத்ரி அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஆதி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணிக்க. எனக்கும் பாப்பாவுக்கும் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. தடுப்பூசியும் போட்டுக்கினோம்."

"எனக்கு இன்னாத்துக்கு அண்ணி? நாந்தான் குடிக்கிறதே இல்லியே."

"உங்கண்ணனும் குடிச்சதில்ல."

"அப்ப அத்தினி பேருக்கு முன்னால ஏன் அப்பிடிச் சொன்ன?"

காயத்ரி வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைகிட்டேருந்து வந்த வியாதி. பெத்தப்பவே வந்துடுச்சாம். அவங்களுக்குத் தெரிய வாணாம்."

ஆதிகேசவன் ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

"டேய் ஆதி! ஈரத்தலையோட இன்னாடா நின்னுக்கினு கீற? ஜன்னி வந்துடப் போவுது," என்றபடி அஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையை உருவி அவன் தலையைத் துவட்டப் பார்த்தாள். கை எட்டவில்லை. அவன் அவளுக்கு முன்னால் குனிந்து நின்றான்.