மொட்டைமாடிச் சாவி

அந்தக் குடியிருப்புக்குச் செயலாளராக அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். எல்லோரும் கைதட்டிச் சாவிக்கொத்தை நீட்டினார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, யார் வீட்டு நாய் எந்தப் படியில் அசிங்கம் செய்தது என்று விசாரிப்பதும் அவள் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் அவள் ‘செக்ரட்டரி அக்கா’.

இந்த முறை விசாரணை நாயைப் பற்றியது அல்ல. அவள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் நர்ஸ், புருஷனை விட்டு வந்தவள். அதைக் கட்டடம் பொறுத்துக்கொண்டது. பேசுவதற்கு ஏதாவது வேண்டுமல்லவா? ஆனால் கொஞ்ச நாளாக ஒரு தாடிக்காரன் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணமும் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. பால்கனியில் நின்று அவள் துணியையும் தன் துணியையும் ஒரே கொடியில் உலர்த்தினான். ஒளித்துச் செய்திருந்தால் கண்டுபிடித்த திருப்தியாவது மற்றவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னமும் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அன்றைய கூட்டத்தில், குடும்பங்கள் இருக்கிற இடம் என்றார், கட்டுப்பாடு என்றார், அவன் வெளியேறும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது என்று முடித்தார். நாள் முழுக்க நோயாளிகளைத் தொட்டுத் துடைத்துவிட்டு வருகிறவளுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால் என்ன நியாயம் என்று செக்ரட்டரி அக்காவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் வாயைத் திறந்தால் கூட்டம் நீளும். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. கையைத் தூக்கிவிட்டாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனான அவள் வீட்டுக்காரர், அவள் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார்.

மறுநாள் மொட்டைமாடிக் கதவை அவள் திறந்துவிட, பிளம்பர் வால்வை மூடினான். கீழே வந்து பார்த்தால் அவள் சமையலறைக் குழாயும் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

“கட்டினவன் குழாயில மிச்சம் பிடிச்சிருக்கான் அக்கா. உங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே வால்வுதான்,” என்றான் பிளம்பர்.

தலைவர் அசரவில்லை. சமையலறைச் சுவரை உடைத்துச் செக்ரட்டரி அக்காவுக்கு மட்டும் தனிக் குழாய் போட்டுவிடலாம், அதுவரை முற்றத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்.

வாளியோடு படியேறி நடுவில் மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் வந்த நர்ஸ் அவள் வாளியையும் வாங்கிக்கொண்டாள்.

“உங்களுக்கும் நிறுத்திட்டாங்களாக்கா? நீங்க என்ன பண்ணீங்க?”

“கை தூக்கினேன்.”

நர்ஸ் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். அக்காவின் வாளியை வாசலில் சிந்தாமல் வைத்துவிட்டு மேலே போனாள். மறுநாளும் அதேபோல வாளியை வாங்கிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் செக்ரட்டரி அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

உளி, சுத்தியலோடு பிளம்பரை அழைத்துக்கொண்டு தலைவர் வந்தபோது, அவள் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றிருந்தாள். நிற்கவும் தெம்பில்லை, நகரவும் மனமில்லை.

“சுவரை உடைக்க வேணாம் சார்.”

“உனக்காகத்தானேம்மா?”

“மேல வராத தண்ணி எனக்கும் வேணாம்.”

“கூட்டத்துல நீயும்தானே கை தூக்கினே?”

“தப்புன்னு தெரிஞ்சேதான் தூக்கினேன். வீட்டுக்கு வந்து படுத்தா போதும்னு இருந்துச்சு.”

ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்று தலைவர் அறிவுரை சொன்னார். கூடத்தில் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

தாடிக்காரன் அவளுக்கு என்னவோ போதித்துவிட்டான் என்று கட்டடத்தில் பேச்சு. படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளைப் பதவியிலிருந்து நீக்கக் கூட்டமும் போட்டார்கள். நீக்க எல்லோருக்கும் சம்மதம். அந்த இடத்துக்கு வர ஒருவருக்கும் மனமில்லை. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மருமகள் பிரசவம். கூட்டம் முடியும்வரை ஒரு ஜீவன்கூடக் கழிவறைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று கலைந்தார்கள். சாவிக்கொத்து அவள் மடியிலேயே கிடந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்தபடி, எல்லோரும் பார்க்கவே மொட்டைமாடிக்கு ஏறினாள். வால்வு முறுக்கிக்கொண்டு வர மறுத்தது. முந்தானையைச் சுற்றித் திருகித் திறந்தாள்.

மீண்டும் மூடவேண்டும் என்றால் அவளிடமிருந்து சாவியை வாங்கவேண்டும். சாவியை வாங்கினால் நாயும் படியும் சேர்ந்தே வந்துவிடும். தலைவர் உட்பட இதுவரை ஒருவரும் வாங்க வரவில்லை. அவளிடம் பேசவும் வரவில்லை.

அன்று மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படுத்தாள். மேலே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்த் தன் குழாயைத் திறந்து பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.