எல்லாப் பொத்தானும் நாலாம் செட்டுக்கு

“ஒண்ணைத்தான் அமுத்துனேன் அம்மணி, சத்தியமா! நாலாவது செட்டுல கொட்டுது தண்ணி!”

“ரெண்டை அமுத்திப் பாத்தீங்களாண்ணா?”

“அதுக்கும் நாலு. மூணுக்கும் நாலு. உன்ற கம்ப்யூட்டருக்கு வேற நெம்பரே தெரியாதாட்டிருக்குது.”

கந்தவேல் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து மூச்சு வாங்கினார். நாமக்கல்லை ஒட்டிய அவருடைய கோழிப்பண்ணையில் நான்கு செட்டுகள், அதாவது கோழிக் கொட்டகைகள். சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளக்கும்போது மேலிருந்து நீர் தூவ, செட்டுக்கு ஒன்றாகக் கையடக்கத் திரையில் நான்கு பொத்தான்கள் வைத்துக் கொடுத்திருந்தாள் ரஞ்சனி. அவளுடைய முதல் வேலை. கையால் திருகும் வால்வுகளைக் கழற்றியாயிற்று. ஆனால் நாலாவதில் இப்போது இருப்பவை பத்து நாள் குஞ்சுகள். இன்னொரு முறை நனைந்தால் விறைத்துப்போகும்.

“குழாய்க்காரன் தமிழரசு வாரான். பழைய வால்வையே மாட்டிப்போடலாம்.”

ரஞ்சனிக்குப் பயத்தைவிட வியப்புதான் மிஞ்சியது. ஒவ்வொரு பொத்தானையும் செய்தபோது அதன் எண்ணைச் சொல்லித்தானே செய்தாள்? சொன்னதை அது எங்கே வைத்துக்கொள்கிறது?

வேலைக்காரி தேவிப்ரியா மருந்து வாளியோடு வந்து, வாசல் கரும்பலகையை அண்ணாந்து பார்த்தாள். எந்த செட்டுக்கு மருந்து என்பதைக் கந்தவேல் அதில்தான் எழுதுவார்.

“காலையில ரெண்டுன்னு எழுதியிருந்தீங்க. இப்ப நாலுன்னு இருக்குது. எங்கீங்க போறது?”

“ரெண்டுக்குத்தான் புள்ள! நாலு, உனக்கப்புறம் போறவனுக்கு அழிச்சு எழுதுனது.”

ரஞ்சனி நிமிர்ந்தாள். பொத்தான்களும் இப்படித்தான்! ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணிப் பொத்தான் செய்தபோது, நிரலில் அந்த எண்ணை எழுதி வைக்கும் இடம், ‘மாறி’ என்பது, ஒன்றே ஒன்று. நான்கு பொத்தான்களும் அதைத்தான் பார்க்கின்றன. அதுவும் செய்த நேரத்தில் அல்ல, அமுத்தும் நேரத்தில். எண்ணி முடித்தபோது அதில் தங்கியிருந்தது நாலு.

மடிக்கணினியைத் திறந்தாள். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதுபோல, ஒவ்வொரு பொத்தானுக்கும் அதனதன் எண்ணை அது உருவாகும்போதே கொடுத்தாள். ஒரு வரிதான் திருத்தம்.

“சரியாயிடுச்சுங்கண்ணா. மோட்டாரைப் போடுங்க.”

“நேத்தும் இதையேதான் சொன்ன.”

மோட்டாரைப் போட்டார். ஆனால் திரையை அவளிடம் தராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒன்றாவது செட்டில் கோழிகள் வெக்கையில் மூச்சிரைத்தன. நாலாவதில் ஈரக் குஞ்சுகள் பல்பின் கீழே ஒண்டிக் கிடந்தன. கேட்டில் தமிழரசுவின் வண்டி வந்து நின்றது.

“ஒண்ணாம் நெம்பரை ஒருக்கா அமுத்துங்கண்ணா. ஒரே ஒருக்கா.”