பானை ஸ்பீக்கர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சீனுவாசன் ரேடியோ கடையில் அன்று காலை இருந்தவர்கள்: கடைக்காரர் சீனுவாசன். என் மனைவி செண்பகம். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அவள் அண்ணன் விருத்தாசலம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த நான். செண்பகத்தின் மடியில், துண்டில் சுற்றிய எங்கள் டூ-இன்-ஒன். கல்யாணத்துக்கு விருத்தாசலம் கொடுத்த, ரேடியோவும் சேர்ந்த டேப் ரெக்கார்டர் அது. அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

1999. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விழுப்புரத்தில் ரயில்வே லைன் ஓரமாக ஒரு போர்ஷனில் இருந்தோம். பத்துக்குப் பத்து ஹால். உட்காருவது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் அதில்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் ராத்திரி வேலைதான் கிடைத்தது. இருட்டியதும் கிளம்பினால் விடிந்துதான் வருவேன். அதுவரை செண்பகம் தூங்கமாட்டாள்.

பயம் இல்லை. கடலுக்குப் போன ஆட்களுக்காகத் தனியாகக் காத்திருந்து பழகியவள். அவளுக்குப் பிரச்சினை சத்தம். அதாவது, சத்தம் இல்லாதது. பிறந்ததிலிருந்து அவள் படுத்த பாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டிதான் இருந்தது. எங்கள் வீட்டில் படுத்த முதல் ராத்திரி, “இன்னா இது, ஊரே செத்துப்போச்சா?” என்று கேட்டாள். அப்புறம் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில் உட்கார ஆரம்பித்தாள். ஜங்ஷனில் கூட்ஸ் பெட்டிகளைக் கோர்க்கும் சத்தமாவது காதில் விழட்டும் என்று. வீட்டுக்காரர் பாஞ்சாலியம்மா பக்கத்துப் போர்ஷனில் இருந்தார். ராத்திரியெல்லாம் கதவு திறந்து கிடந்தால் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். செண்பகம் இளைத்துக்கொண்டே போனாள். சோறு வடிக்கும்போது நின்றபடியே கண் சொருகி, கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் விருத்தாசலம் முடிவு சொல்லிவிட்டார். தங்கச்சியைக் கூட்டிப் போகிறேன், பகல் வேலை கிடைத்ததும் வந்து அழைத்துக்கொள் என்றார். எனக்குப் பகல் வேலை கிடைக்காது. அது அவருக்கும் தெரியும். போனால் போனதுதான்.

பாட்டு போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் வரலாம் என்று செண்பகம்தான் கடைசியாக ஒரு யோசனை சொன்னாள். ஆனால் டூ-இன்-ஒன்னில் பாட்டு, தகர டப்பாவில் மல்லாட்டைக் கடலையைப் போட்டுக் குலுக்கியதுபோல் வரும். கூட்டி வைத்தால் பாஞ்சாலியம்மா சுவரைத் தட்டுவார். குறைத்து வைத்தாலும் கனமாகக் கேட்கும் ஸ்பீக்கர் வேண்டும், எங்கள் சம்பளத்துக்குள் வேண்டும், பாய் விரிக்க இடமும் மிச்சம் வேண்டும். இன்றைக்கு ஸ்பீக்கர் வாங்குவது. நான் வேலைக்குப் போனபின் அவள் கதவைச் சாத்தினால் இருப்பாள். இல்லையென்றால் அண்ணனோடு பஸ் ஏறுவாள். பேச்சு இதுதான்.

சீனுவாசன் முதலில் எடுத்து வைத்தது இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். அதைப் போட்டதும் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

“இத்த உள்ள வச்சா நீங்க ரெண்டு பேரும் தெருவுலதான் மாப்ள படுக்கணும்” என்றார் விருத்தாசலம்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள் செண்பகம். இன்னும் குறைக்கச் சொன்னாள். இந்தக் கடைக்கு வந்து குறைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்மா என்று சீனுவாசன் அலுத்துக்கொண்டார். குறைத்ததும் அந்தப் பெரிய பெட்டிகள் போர்வைக்குள் முணுமுணுப்பவன் மாதிரி ஆகிவிட்டன. அடுத்து, விளக்கு மின்னும் சின்ன ஜோடி ஒன்று. அதில் எந்தப் பாட்டும் கடுகு தாளிப்பதுபோல் இருந்தது.

நான் ஸ்டூலில் சாய்ந்திருந்தேன். தூங்காத கண்ணுக்கு எல்லாம் மிதந்தது. சுவர் முழுக்கப் பெட்டியில்லாத ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்தன. அவற்றின் காகிதக் கூம்புகள் மெல்ல உப்பி, மெல்ல அடங்கின. கடையே மூச்சு விடுவதாக நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு முறை தலை சரிந்து விழப்பார்த்தேன்.

சீனுவாசன் ரேடியோவில் பாண்டிச்சேரி ஸ்டேஷனைத் தேடித் திருப்பினார். ஒரு ஸ்டேஷன் போய் இன்னொன்று வராத இடத்தில் முள் நின்றது. வெறும் இரைச்சல்.

“அங்கியே வுடு” என்றாள் செண்பகம்.

“அதுல ஒண்ணும் இல்லம்மா.”

“இல்லாததுதான். வுடு.”

அதே இரைச்சலைக் கடையில் இருந்த ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போடச் சொன்னாள். சீனுவாசன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எல்லாம் முடிந்தபின், அவள் மூலையில் கிடந்த ஒரு மண்பானையைக் காட்டினாள். டீக்கடைக்காரர்கள் வாங்கிப் போவது. பானை வாயில் ஒரு ஸ்பீக்கரை மல்லாத்தி வைத்து, அடியில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்திருப்பார்கள். பெட்டி செய்யும் செலவு மிச்சம். சீனுவாசனுக்கு அதை விற்க இஷ்டமில்லை, ஹாலில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்றார்.

அதில் வந்தது வேறு. இரைச்சலின் காரம் அடங்கி, அடியிலிருந்து ஒரு கனம் ஏறியது. தூரத்தில் அலை திரும்புகிற மாதிரி. செண்பகம் பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டும் போட்டுப் பார்த்தோம். நாதஸ்வரம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல், அடக்கமாக, முழுசாகக் கேட்டது.

“கடலைப் பானையில அடைச்சுக்கினு போறியா?” என்றார் அண்ணன். வாங்கிவிட்டோம்.

வரும்போது ஸ்பீக்கரைக் கழற்றி அவள் பையில் வைத்துக்கொண்டாள். பானையை நான் எடுத்துக்கொண்டேன். விழுப்புரம் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடமில்லை. உடையாமல் இருக்க அதை இடது தோளில் ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் தாடி வேறு. புளியமரங்கள் பின்னால் ஓடின. வெயிலும் நிழலும் முகத்தில் மாறி மாறி அடித்ததில் நின்றபடியே கனவு வந்தது. கனவில் எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள். கண் திறந்தபோது நிஜமாகவே விட்டிருந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு கை தூரத்துக்கு ஆள் இல்லை.

கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெரியவர் பானையின் ஓட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “யாரு தம்பி தவறிட்டாங்க?” என்று கேட்டார்.

“இன்னும் ஆவுல பெரியவரே” என்றார் விருத்தாசலம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொள்ளி வைப்பவன் தோளில் சுமக்கிற ஓட்டைப் பானை. தூக்கக் கலக்கத்தில் அதே தோளில், அதே மாதிரி வைத்திருக்கிறேன். இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

பஸ்ஸில் சிரித்தாகிவிட்டது. வாசலில் சிரிக்க முடியவில்லை. பாஞ்சாலியம்மா கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஓட்டைப் பானை நிலைவாசல் தாண்டி வரக்கூடாது. உன் வூட்டுக்காரி நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஸ்பீக்கர் என்று விளக்கினேன். ஸ்பீக்கராக இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் வீடு அவருடையது. செண்பகம் பானையை வாங்கித் தரையில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் வீட்டிலிருந்து மடித்து எடுத்துவந்த புடவைகள் காலையிலிருந்தே அண்ணனின் பையில் இருப்பது எனக்குத் தெரியும்.

விருத்தாசலம் பானையைக் கவிழ்த்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு மெழுகுவத்தி வாங்கி வரச் சொன்னார்.

“போட்டுல வுழாத ஓட்டையா? தள்ளு” என்று உட்கார்ந்தார். பழைய துணியைத் திரித்து ஓட்டையில் திணித்து, உள்ளேயும் வெளியேயும் மெழுகை ஊற்றி விரலால் அழுத்தினார். தங்கச்சியைக் கூட்டிப் போக வந்தவர் அவர்தான். ஒயரை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். மேல் விளிம்பில் ஒரு பிசிறு உடைத்தால் போதும் என்றாள் செண்பகம்.

“தண்ணி ஊத்திக் காட்டு” என்றார் பாஞ்சாலியம்மா.

ஊற்றினோம். கழுத்துவரை நிறைந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. பாஞ்சாலியம்மா குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து நகர்ந்தார். செண்பகம் அந்த நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கால் வைத்து உள்ளே போனாள். பின்கட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையை வெயிலில் காயவைத்தாள். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. ஹாலில் சுவரோரம் விழுந்து தூங்கிவிட்டேன்.

கடல் கேட்டுத்தான் விழித்தேன். குப்பத்தில் இருக்கிறேன் என்று நினைத்தேன். காலை நீட்டினால் மணல் தட்டுப்படும் என்று நீட்டினேன். சிமெண்டுத் தரை. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம். மூலையில் பானை. அதிலிருந்து அந்த இரைச்சல் வந்து ஹாலின் நாலு சுவருக்குள்ளும் நிறைந்து நின்றது. பாயில் செண்பகம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கதவோரம் உட்கார்ந்திருந்த விருத்தாசலம், பேசாதே என்று கையைக் காட்டினார். வெளியே பாஞ்சாலியம்மா துணியை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல என்று அவர் சொன்னது கேட்டது.

விளக்கு வைத்ததும் செண்பகம் எழுந்தாள். சோறு போட்டாள். சாப்பிடும்போது நாதஸ்வரக் கேசட் மெதுவாக ஓடியது. விருத்தாசலம் பஸ் ஏறவேண்டும், நான் ஷிஃப்டுக்குப் போகவேண்டும். புடவைப் பை அவர் காலடியில் இருந்தது.

“ஆளுங்க இருக்கறப்ப தூங்குறது ஒரு தூக்கமா மாப்ள? நீ போனப்பறம் இன்னா பண்றான்னுதான் பாக்கணும். தெரு முனையில நின்னு திரும்பிப் பாப்பேன். கதவு தொறந்து இருந்தா இட்டுக்கினு போயிடுவேன். அப்புறம் என்கிட்ட கோவிச்சுக்காத.”

“கரண்டு போச்சுன்னா?” என்று நானே கேட்டேன்.

“போனா முழிச்சுக்கறேன். வந்தா தூங்கறேன்” என்றாள் செண்பகம். “நீ போ. லேட்டு ஆவுது.”

கேசட்டை நிறுத்தி ரேடியோ முள்ளைத் திருப்பினாள். ஸ்டேஷன்கள் வந்து வந்து போயின. ஒன்றும் இல்லாத இடத்தில் நிறுத்தினாள்.

நானும் விருத்தாசலமும் படியிறங்கினோம். தினமும் நான் தெரு முனை திரும்பும்வரை அவள் திறந்த கதவில் நிற்பாள். அதற்குப் பிறகும் அந்தக் கதவு சாத்தியதில்லை. விருத்தாசலம் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். புடவைகள் இன்னும் அதில்தான் இருந்தன. நான் கேட்டைத் தாண்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் கதவு சாத்தும் சத்தம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் உள்பூட்டு.