மாலை கழற்றும் வரை

மாலை போட்டவன் பெண்டாட்டி மேல் கை வைக்கக் கூடாது. செல்வக்குமார் இந்த விஷயத்தில் கறாரான ஆள். நாற்பது நாளாகச் சரண்யாதேவி மேல் ஒரு அடி விழவில்லை. விழ வேண்டியதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான்.

"பழனியில பேசிக்கிறேன் சாமி" என்பான். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளை வரம் கேட்டு அவளுக்கும் மாலை போட்டுவிட்டிருந்தான்.

பேரையூரிலிருந்து பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு கிளம்பினார்கள். திருமங்கலத்தில் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்தது ஐந்து. திருப்பரங்குன்றத்தில் யாரோ ஒரு ஆளிடம் கக்கூஸ் எங்கே என்று கேட்டது ஆறு. மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றும்போது, கண்ணில் பட்ட கல் மண்டபத்தையெல்லாம் காட்டி எந்த ராஜா கட்டியது என்று எல்லோருக்கும் அளந்துகொண்டு வந்தான். அவள் கொட்டாவி விட்டாள். ஏழு.

ஒவ்வொரு ஊர் கழியும்போதும் மற்றவர்கள் அரோகரா போட்டார்கள். அவள் இன்னும் எத்தனை ஊர் மிச்சம் என்று எண்ணினாள். பழனியில்தான் மாலையைக் கழற்றுவார்கள்.

பரவை தாண்டியதும் அவனுடைய இடது கால் பட்ட இடமெல்லாம் ரோட்டில் ரத்தம். அவனுக்குச் சுகர். பாதம் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"சாமி, கால்ல என்னமோ குத்தியிருக்கு."

"நடக்கிற சாமிய மறிக்கிறியா? எட்டு."

சமயநல்லூரில் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்கு மோர் கொடுத்துக் காலுக்கு மருந்தும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அவர்களைக் கூட்டி வந்த குருசாமி அவனை இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். வெந்நீர்ச் சட்டியோடு வந்த கிழவர் அவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அட, பேயாண்டி மாமாவா!" செல்வக்குமார் சிரித்தான். "இங்கிட்டா கெடக்கீக? சாமி காலக் கழுவக் கொடுத்து வச்சிருக்கணும்ல."

அவனுடைய முதல் மாமனார். அவர் மகள் முத்துமீனா கிணற்றில் தவறி விழுந்தாள் என்று கேசை முடித்துவிட்டார்கள். தவறியா என்பது செல்வக்குமாருக்குத்தான் தெரியும்.

"காலக் குடுங்க சாமி" என்றார் கிழவர்.

"இந்தா நிக்குதே, இது புதுசு. ஒங்க மக மாதிரிதான். நாலு வருசமா ஒரு புழு பூச்சி இல்ல." சொல்லிவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்தான்.

கிழவர் பாதத்தைக் கழுவித் திருப்பினார். சதைக்குள் பீர்பாட்டில் சில்லு ஒன்று பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் தொட்டார். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினார்.

"வலிக்குதா சாமி?"

"எங்க? பூ வச்ச மாதிரி இருக்கு."

கிழவர் இடுக்கியைக் கீழே வைத்தார். கட்டைவிரலால் சில்லை உள்ளே தள்ளினார். அது தெரியாமல் போகும் வரை தள்ளினார். மேலே மஞ்சளை அப்பி, பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றும்போதுதான் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தார். சுற்றுவதை நிறுத்தினார்.

சரண்யாதேவி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சில்லு வெளியே வந்துவிடும். அவனும் முழுசாகப் பழனி போய்ச் சேர்வான். அவளுடைய சித்தப்பாவுக்கும் சுகர்தான். ஒரு முள்ளில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தார்கள். பழனிக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் கிடக்கிறது.

"எல்லாம் எடுத்தாச்சா?" என்றான் செல்வக்குமார்.

"எடுத்தாச்சு" என்றார் கிழவர், அவளைப் பார்த்துக்கொண்டே.

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கய்யா" என்றாள் அவள். "பழனி வரைக்கும் அவுறக் கூடாது."

வாடிப்பட்டியில் அவனுக்கு நடை கோணியது. கொடைரோட்டில் உடம்பு சுட்டது. அவள் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிந்தபோது கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அழுகின நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் தள்ளித் தள்ளி நடந்தார்கள். எந்த ராஜா கட்டிய கோட்டை என்று அவன் சொல்லவில்லை.

"ஏய், கால் என்னமோ பண்ணுது. அந்தக் கட்ட அவுத்துப் பாரு" என்றான்.

அவள் குனியவில்லை.

"நடங்க சாமி" என்றாள். "பழனியில பேசிக்கலாம்."