நாலாம் கட்டிலருகே கேட்ட கேள்வி

சிஸ்டர் மாகிரட் பாடம் நடத்துவது கேள்வியால்தான். அதுவும் வகுப்பறையில் அல்ல, தாதி மாணவிகளான எங்களை நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிறுத்திவைத்து. தெரியாது என்றால் அன்று முழுக்க நோயாளிகளின் மலச்சட்டி கழுவ வேண்டும். முன்பெல்லாம் கேள்வி இங்கிலீஷில் இருந்தது. நோயாளிக்கு அது கோயிலில் லத்தீன் பூசை கேட்பது மாதிரி, ஒன்றும் விளங்காது. எங்கள் காலத்தில் படிப்பு தமிழுக்கு மாறியது. கட்டிலில் கிடப்பவனுக்கும் காது உண்டு என்பதை, படிப்பை மாற்றிய பெரியவர்கள் யோசிக்கவில்லை. சிஸ்டரும் யோசிக்கவில்லை.

நாலாம் கட்டிலில் கிண்ணியா ஊர் ஸெய்னுதீன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். எப்போதோ இறங்குதுறையில் நாய் கடித்ததைச் சுண்ணாம்பு தடவி மறந்துவிட்டார். இப்போது காய்ச்சல், கடிபட்ட கையில் விறைப்பு. வெறிநாய்க்கடியோ என்று டொக்டருக்குச் சந்தேகம்தான், நிச்சயமில்லை. மனைவி ஸுல்பிகாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"விசர்நாய்க்கடி எண்டு எதால நிச்சயம் பண்ணுவாய்?" சிஸ்டர் இன்பமலரைக் கேட்டார்.

எங்களில் கெட்டிக்காரி அவள். "தண்ணி குடிக்க ஏலாமப் போகும், சிஸ்டர். தண்ணியைக் கண்டாலே தொண்டை இழுக்கும்."

"பிறகு?"

"பிறகு தப்ப மாட்டினம்."

"சரி," என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஸெய்னுதீன் இன்பமலரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் நாங்கள் போனபோது ஸுல்பிகா பக்கத்தில் இருந்தாள். ஸெய்னுதீன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து இன்பமலரைக் கூப்பிட்டார்.

"மிஸி, ஒரு கோப்பை தண்ணி தாங்க. நான் குடிச்சுக் காட்டுறன்."

இன்பமலர் கொடுத்தாள். கோப்பை உதட்டுக்கு வரவில்லை. கழுத்து வெட்டி இழுத்தது. தண்ணீர் படுக்கையெல்லாம் சிந்தியது. மனுஷன் விடவில்லை, இன்னொருமுறை முயன்றார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"என்னத்துக்கு இவருக்கு இப்பிடி? சொல்லுங்களன்!" ஸுல்பிகா சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

பழக்கதோஷம், சிஸ்டர் இன்பமலர் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இது என்ன?"

இன்பமலர் ஸெய்னுதீனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் மெல்லத் தலையசைத்தார்.

"தொண்டைப் புண், சிஸ்டர்."

பிழையான விடையை ஒருநாளும் சும்மா விடாத மனுஷி. "சரி," என்றார்.

ஸுல்பிகாவின் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! நானும் இதைத்தானே சொன்னனான். வீட்ட போய் மல்லித் தண்ணி அவிச்சுக்கொண்டு வாறன். சூட்டோட குடிச்சா இறங்கிரும்."

"ஓம், போயிட்டு வா," என்றார் ஸெய்னுதீன்.

அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மிஸி, அவ வாறதுக்குள்ள முடிஞ்சிருமா?"

இன்பமலர் சிஸ்டரைப் பார்த்தாள். இந்தமுறை சிஸ்டர் அந்தக் கேள்வியை எங்கள் யாரிடமும் திருப்பவில்லை.