உதறிய வண்டி

2007-இல், பட்டறைகளில் கொண்டாடும் விஸ்வகர்மா பூஜை முடிந்த மறுநாள் வெங்கடநாராயணன் சாருக்கு என் மேல் சந்தேகம் விழுந்தது. டாக்குரியாவில் அவருடைய பட்டறையில் நாங்கள் ஒரு சின்ன மின்சாரக் கார் செய்துகொண்டிருந்தோம். அதன் காந்த மோட்டாரை இயக்கும் புரோகிராம் என்னுடையது. பூஜைக்கு முன் வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி, அன்று கொஞ்ச தூரம் போனதும் வலிப்பு வந்தாற்போல் உதறியது.

"பூஜையன்னிக்கு எங்கேடா போயிருந்தே, ரமேஷ்பாபு?" என்றார் சார்.

"காய்ச்சல் சார்."

"காய்ச்சலா, இன்டர்வியூவா? புனே கம்பெனிக்காரன் உன்னைக் கூப்பிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"வரமாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன் சார்."

"யார் கண்டா?"

சனிக்கிழமை பேங்க் அதிகாரிகள் வண்டியைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் சரியாகாவிட்டால் நான் வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அடப்பாவி மனுஷா! இந்தக் காருக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவன் நான்.

அன்றிலிருந்து நான் டீ குடிக்கப் போனால்கூட ஒரு ஜோடிக் கண் பின்னால் வந்தது. ஒயரிங் பார்க்கும் பாகீரதி என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கும் புத்தி கோணியது. இவளே என் புரோகிராமில் கை வைத்திருப்பாளோ என்று ராத்திரியெல்லாம் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு வரிகூட மாறவில்லை. அதே புரோகிராமை இன்னொரு மோட்டாரில் ஓட்டினேன், அழகாகச் சுற்றியது.

அப்படியானால் கோளாறு காரிலுள்ள மோட்டாரில்தான். காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால்தான் புரோகிராம் சரியான சுருளுக்கு மின்சாரம் அனுப்பும். அதைச் சொல்ல மோட்டாரின் பின்பக்கம் ஒரு கண்ணாடித் தட்டு உண்டு. அதிலுள்ள நுண்ணிய கோடுகளை ஒரு விளக்கொளி எண்ணிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை, சாரையும் பாகீரதியையும் பக்கத்தில் நிற்கவைத்து மூடியைக் கழற்றினேன்.

தட்டின் மேல் சிவப்பாக ஒரு விரல் தடம். நெய்யில் குழைத்த சிந்தூரம். கோடுகள் மறைந்து, கணக்குத் தவறி, மின்சாரம் தப்பான பக்கம் போயிருக்கிறது.

"சார்..." பாகீரதி மென்று விழுங்கினாள். "பூஜையன்னிக்கு மோட்டாருக்குக் கண்ணு எதுன்னு கேட்டேளே? கண்ணுக்குப் பொட்டு வைக்காம என்ன பூஜைன்னு நீங்கதானே மூடியைக் கழட்டச் சொன்னேள்?"

ஸ்பிரிட் தொட்டுத் தட்டைத் துடைத்து மூடினேன். சாரே ஓட்டினார். லேக் கார்டன்ஸ் வரை போய்த் திரும்பிய வண்டி ஒரு இடத்திலும் உதறவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஒரு சபாஷ் போதும் என்று காத்து நின்றேன்.

இறங்கியவர் பாகீரதியைப் பார்த்துச் சொன்னார்: "சாமி சிந்தூரத்தாலயா வண்டி கெடும்? கெடுத்தவனுக்குத்தானே எங்கே கெடுத்தோம்னு தெரியும்?"

அவள் தலையைக் குனிந்து ஒயரைச் சுருட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே, அவர் முன்னாலேயே செல்போனை எடுத்துப் புனேக்காரனைக் கூப்பிட்டேன். அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

சாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா பாகீரதி, நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ!"