களஞ்சியத்தைத் திறந்தவர்

இந்தத் தொடரைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்வதற்கு நல்ல வார்த்தை இருக்கிறது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு காலத்தில் தேவரகட்டேச் சீமையை ஆண்ட ஜாகீர்தார் குடும்பத்தின் கதை அது. கன்னடச் சேனலில் தினமும் எட்டு மணிக்கு வருகிறது. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அப்பா வெங்கடகிருஷ்ணன், எண்பது தாண்டியவர். நான் ஸ்வர்ணா, அவருடைய ஒரே மகள். சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டுக்கு வந்து சம்பளம் இல்லாமல் அதையே செய்தேன்.

தொடரில் பிழைக்குக் குறைவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் தூங்கும்போதுகூட ஒட்டியாணத்தைக் கழற்றுவதில்லை. யாராவது ஓர் உண்மையைச் சொல்லிவிட்டால் இடி இடிக்கிறது. ஒவ்வொரு முகத்தையும் மூன்று முறை காட்டுகிறார்கள். சீமையில் நடக்கும் சகலத்தையும் அந்தக் குடும்பத்தின் ஏழெட்டுப் பேரே செய்து முடிக்கிறார்கள். மற்றவர்கள் தாம்பாளம் ஏந்தி நிற்கிறார்கள். ஆனால் புடவைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியாது, அத்தனையும் அசல் கைத்தறி. பேசுகிற கன்னடம் காதுக்கு அவ்வளவு இதம். சின்ன எஜமானியாக நடிக்கிற பெண் இருக்கிறாளே, அவள் சும்மா நின்றாலே போதும், மனதில் ஓடுவதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும்.

அப்பா பார்த்ததற்குக் காரணம் வேறு. நாங்கள் அந்த ஜாகீர்தாரிடம் தலைமுறை தலைமுறையாகச் சேவகம் செய்த குடும்பம். அப்பாவின் கொள்ளுத்தாத்தா திருநாராயணன் அங்கே பேஷ்கார், அதாவது கணக்கு வழக்கைப் பார்க்கிற அதிகாரி. தானியக் களஞ்சியம் அவர் பொறுப்பு. பெரும் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தபோது, விலை இன்னும் ஏறட்டும் என்று ஜாகீர்தார் ராகியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாத்தா பூட்டை உடைத்து ஊருக்கு அளந்து போட்டார். அதற்காக அவரைக் குடும்பத்தோடு ஊரை விட்டே துரத்தினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே பெங்களூர் வந்தார்கள்.

எங்களுக்கு வேறு பெருமை கிடையாது. அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் குமாஸ்தாக்கள், ஆடிட்டர்கள், ஒரு பல் டாக்டர். அதனால் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், முகூர்த்தம் முடிந்த பிறகு புது சம்பந்திகளை உட்கார வைத்து அப்பா இந்தக் கதையைச் சொல்வார். நிச்சயதார்த்தத்தில் சொல்ல மாட்டார். முகூர்த்தத்துக்கு அப்புறம்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் தொடரின் கதைக்குழுவிலிருந்து லீனா என்ற பெண் வீடு தேடி வந்து, அப்பாவிடம் ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டுப் போனாள். நான் ஆபீஸில் இருந்தேன். அன்று முதல் அப்பா காத்திருந்தார். தாத்தாவாக நடிக்க யார் பொருத்தம் என்று அவருக்கும் அவர் தங்கை ருக்கு அத்தைக்கும் போனில் சண்டையே நடந்தது. களஞ்சியக் காட்சி வரப்போகிறது என்று முன்னோட்டம் போட்டதும் அத்தை பசவனகுடியிலிருந்து மைசூர்பாகோடு வந்து இறங்கினாள்.

கன்னம் பளபளக்க, பஞ்சத்து ஜனங்கள் களஞ்சிய வாசலில் நின்றார்கள். சின்ன எஜமானி வந்தாள். முதல் முறையாக இடி இல்லை, வசனம் இல்லை. கடப்பாரையைத் தானே தூக்கிப் பூட்டை உடைத்தாள். முதல் படி ராகியை ஒரு தாயின் முந்தானையில் கொட்டிவிட்டு, கீழே சிந்திய மணிகளையும் குனிந்து பொறுக்கிப் போட்டாள். நான் அழுதுவிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தாத்தாவைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் அழ வைத்துவிட்டார்கள்.

பேஷ்கார் என்று ஒருவர் வரவே இல்லை. அத்தை மைசூர்பாகு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா "நன்னா எடுத்திருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் லீனாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். வயசானவரிடம் கதையை வாங்கிக்கொண்டு திருடிவிட்டீர்கள் என்றேன். வக்கீலைப் பார்ப்பேன் என்றும் சொன்னேன். அவள் நான் முடிக்கிற வரை காத்திருந்தாள். பிறகு, உங்கள் அப்பா சொன்னதைத்தான் எடுத்தோம் என்றாள். பஞ்சத்தில் சின்ன எஜமானியம்மா மனம் இரங்கிக் களஞ்சியத்தைத் திறந்ததாக அவர் சொன்னாராம். உங்கள் முன்னோர் என்ன செய்தார் என்று அவள் இரண்டு தடவை கேட்டாளாம். அங்கே வேலையில் இருந்தார் என்று நிறுத்திக்கொண்டாராம்.

கத்துவதற்கு எனக்கு வேறு ஆள் அகப்படவில்லை. நேராக அப்பாவிடம் போனேன். சாய்வு நாற்காலியில் போனும் கையுமாக இருந்தார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னேள்?"

அவர் நிமிரவில்லை. "பின்னே? வாசல்ல வந்த அந்நியாகிட்ட எஜமானரைத் தாழ்த்திப் பேசச் சொல்றியா? எத்தனை தலைமுறை அவா உப்பைத் தின்னிருக்கோம்."

"தாத்தாவை அவா அடிச்சுத் துரத்தாத குறையா துரத்தினாளேப்பா."

"துரத்தினா. அது நம்மாத்துக்குள்ள பேசிக்கறது."

முகூர்த்தம் முடிகிற வரை அவர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாலி ஏறிய பிறகுதான் சம்பந்திகள் நம் வீட்டு மனிதர்கள். புரிந்து என்ன பிரயோஜனம்? கோபம் இரட்டிப்பாயிற்று. துரத்தி இத்தனை காலம் ஆகியும் இந்த மனிதர் இன்னும் அவர்கள் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறார். இனிமேல் கல்யாணத்தில் இந்தக் கதையைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள், திறந்தது சின்ன எஜமானிதானே, டிவியிலேயே பார்த்தோமே என்பார்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார். அதில் நேற்றைய களஞ்சியக் காட்சி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"அங்க வேலையில இருந்தார்னு சொன்னேனோல்லியோ," என்றார். "திறந்தார்னு காட்ட வேண்டாம்டி. ஒரு ஓரமா நிக்கவாவது வச்சிருப்பான்னு நெனச்சேன். கார்த்தாலேர்ந்து தேடறேன், என் கண்ணுக்குத் தெரியலை. நீ பாரேன்."

பார்த்தேன். தேடுவது என் தொழில். ஒரு மூலை விடாமல் தேடினேன். சின்ன எஜமானி இருந்தாள். முந்தானை ஏந்திய பெண்கள், ஈட்டி பிடித்த இரண்டு காவலாளிகள், தூணில் கட்டிய ஒரு பசுமாடு.

"மாடுகூட இருக்குப்பா," என்றேன். "அவர் இல்லை."

அப்பா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டார்.